வேலையை விடாமல் பாராமெடிக் ஆக: அமெரிக்காவில் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்பு

1. முதலில் ஈஎம்டி

பாராமெடிக் என்பவர் ஆம்புலன்ஸில் உயர்நிலை அவசர சிகிச்சை தருபவர். நேரடியாகப் பாராமெடிக் வகுப்பில் சேர முடியாது. ஈஎம்டி (அடிப்படை நிலை அவசர மருத்துவப் பணியாளர்) சான்றிதழும் செல்லுபடியாகும் சிபிஆர் (இதய இயக்க மீட்பு முதலுதவி) கார்டும் கையில் இருக்க வேண்டும். ஈஎம்டி படிப்பு ஏறக்குறைய 150 முதல் 190 மணி நேரம். மாலை வகுப்பில் ஒரு செமஸ்டரில் முடிக்கலாம். உடற்கூறியல், உடலியங்கியல் பாடத்தைக் கல்லூரி கேட்காவிட்டாலும் முன்பே படித்துவிடுங்கள். இதயத்தில் மின்தூண்டல் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாதவர் ஈசிஜி வளைவுகளை மனப்பாடம்தான் செய்வார். புதிதாக ஒன்று வந்தால் திணறுவார்.

2. அங்கீகாரம்

கல்லூரிக்கு சிஏஏஎச்இபி (மருத்துவத் துணைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் என்ஆர்இஎம்டி (அவசர மருத்துவப் பணியாளர்களின் தேசியப் பதிவமைப்பு) நடத்தும் தேசியத் தேர்வு எழுத முடியாமல் போகலாம்.

3. மணிக்கணக்கு

பகுதிநேரம் என்பதால் மணி குறையாது. மொத்தம் 1,200 முதல் 1,800 மணி நேரம் வரை போகும். வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிட்டுச் சேர்ந்தவர்கள் பாதியில் நிற்பது இங்கேதான். மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் 500 மணி நேரம் என்று வைத்தால், 12 மணி நேர ஷிஃப்ட் 42. வாரம் ஒன்று போட்டாலும் பத்து மாதம் ஆகும். உங்கள் மேலதிகாரியிடம் இதைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள்.

4. மருந்துக் கணக்கு

தினமும் இரண்டு கணக்குப் போட்டுப் பழகுங்கள். உதாரணம்: 176 பவுண்டு எடையுள்ளவருக்கு டோபமைன் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து), கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். பையில் 250 மில்லியில் 400 மில்லிகிராம். மில்லிக்கு 60 சொட்டு விழும் ட்ரிப் செட்.

176-ஐ 2.2-ஆல் வகுத்தால் 80 கிலோ. 80 × 5 = 400 மைக்ரோகிராம். பையில் ஒரு மில்லியில் 1,600 மைக்ரோகிராம் இருக்கிறது. எனவே நிமிடத்துக்கு கால் மில்லி, அதாவது 15 சொட்டு.

பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் விடை 33 சொட்டு. நோயாளிக்கு இரண்டு மடங்குக்கு மேல் மருந்து ஏறிவிடும். அதனால் எப்போதும் எடையை முதல் வரியில் கிலோவில் எழுதுங்கள்.

5. ஐவி (ரத்தநாளத்தில் ஊசி) போடுவது

புதியவர்கள் பலரும் தவறுவது ஒரே இடத்தில்: ரத்தம் எட்டிப் பார்த்ததுமே கேனுலாவை (ஊசியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழாய்) தள்ளிவிடுவது. ஊசிமுனை கேனுலாவைத் தாண்டி நீண்டிருக்கும். ரத்தம் தெரியும்போது முனைதான் வெயினுக்குள் (ரத்தநாளத்துக்குள்) இருக்கும், பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே. அப்போது தள்ளினால் வெயின் சுவரில் முட்டி வீங்கும். சாய்வைக் குறைத்து, ஊசியோடு சேர்த்து இன்னும் சில மில்லிமீட்டர் நகர்த்திய பிறகே குழாயை உள்ளே விடுங்கள். கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டு ஊசியை எடுங்கள்.

6. தேர்வு

என்ஆர்இஎம்டி தேர்வு கணினியில், 110 முதல் 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். 2024 ஜூலை முதல் தேசிய அளவில் தனிச் செய்முறைத் தேர்வு கிடையாது. அதனால் ஒவ்வொரு திறனுக்கும் படிப்பின்போதே பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்குவது கட்டாயம். ஷிஃப்ட் முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள். தேறியதும் மாநில உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வரும்வரை பாராமெடிக்காகப் பணி செய்யக் கூடாது.