ஓராண்டு கடந்த இறப்பைப் பதிவு செய்தது: என் அனுபவம்

பெரியப்பா இறந்து நான்கு வருடம் கழித்து, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தபோதுதான் இறப்பு பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. 21 நாளுக்குள் தெரிவித்திருந்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு தாண்டினால் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 13(3) பிரிவின்படி நடுவர் உத்தரவு வேண்டும்.

பழைய மாதிரியைப் பார்த்து நீதித்துறை நடுவர் மன்றத்தில் போட்ட மனு திரும்பி வந்தது. இப்போது அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம். அங்கேயும் மனு நிற்கவில்லை. காரணம், "பதிவு இல்லை" என்ற சான்றைச் சொந்த ஊரில் வாங்கியிருந்தோம். உயிர் பிரிந்ததோ வேறு தாலுகா ஆஸ்பத்திரியில். பதிவு எப்போதும் இறந்த இடத்தில்தான், குடியிருந்த இடத்தில் அல்ல. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அந்த நகராட்சியில் புதிதாகச் சான்று வாங்கி, ஆஸ்பத்திரிக் குறிப்பு, சுடுகாட்டு ரசீது, உறுதிமொழிப் பத்திரத்தோடு அந்தக் கோட்டத்தில் மனு கொடுத்தோம். விசாரணை முடிந்து உத்தரவு வந்தது. கையில் வாங்கியதும் இறந்த தேதி, இடம், இன்ஷியல் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். உத்தரவில் உள்ளபடிதான் பதிவாளர் ஏற்றுவார். எங்களுடையதில் இன்ஷியல் விட்டுப்போயிருந்தது, நின்று திருத்தி வாங்கினோம். அசல் உத்தரவையும் தாமதக் கட்டணத்தையும் கொடுத்த பிறகு சான்றிதழ் கைக்கு வந்தது. அப்பாடா!