கொழும்பில் முதல் நத்தார்: மலையகத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தோட்டத்திலிருந்து இந்த வருடம் இரண்டு பிள்ளைகள் உள்ளகப் பயிற்சிக்குக் கொழும்பு வந்திருக்கிறார்கள். போன வாரம் வெள்ளவத்தையில் கண்டபோது, நத்தாருக்கு எப்படி ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஏதாவது ஒன்று கிடைக்கும் அக்கா" என்றாள் சின்னவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் கெட்டேன்.

பையைப் பத்திரமாகப் பிடி, பஸ் இலக்கத்தைப் பார்த்து ஏறு என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு கோட்டைகளைக் குழப்புவது

நாட்டின் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. ரயில் ஏறுவது கொழும்புக் கோட்டையில். பஸ் நடத்துநரிடம் வெறுமனே "கோட்டை" என்று சொல்லாதீர்கள்.

24ஆம் திகதி மாலை ரயில் நிலையத்தில் போய் நிற்பது

டிசம்பரில் மலைநாட்டு ரயிலில் ஏறுவது நாம் மட்டுமல்ல. உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கிவிடுகிறது. மே மாத வெசாக் வரை ஓயாது. யாத்திரிகர்கள் இறங்குவதும் நம் ஹட்டனில்தான். பாடசாலை விடுமுறையில் நுவரெலியா பார்க்க நானுஓயாவுக்குப் போகும் குடும்பங்கள், எல்ல நகருக்குப் போகும் வெளிநாட்டவர்கள் எல்லோருக்கும் அதே பெட்டிகள். ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை என்பதால், கூட்டத்துக்கு ஏற்ப ரயிலைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது.

நான் பயிற்சி செய்த அலுவலகத்தில் 24ஆம் திகதி மாலை நான்கு மணிக்குத்தான் விருந்து முடிந்தது. புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் எதிலும் கால் வைக்க இடமில்லை. கடைசியில் இரவு அஞ்சல் ரயிலின் மூன்றாம் வகுப்பில், கழிவறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கையில் அம்மாவுக்கு வாங்கிய கேக் பெட்டி. பேராதனையில் யாரோ ஒருவருடைய துணிமூட்டை அதன்மேல் உட்கார்ந்தது. கம்பளைப் பக்கம் வரும்போது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. நள்ளிரவு என்று அப்போதுதான் உறைத்தது.

இதைத்தான் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த ரயிலில் ஆசனமே கிடைத்தாலும் நள்ளிரவுத் திருப்பலி கிடைக்காது. ஹட்டனில் இறங்கும்போதே கோயில் கதவைச் சாத்தியிருப்பார்கள். தோட்டத்துக்கு முதல் பஸ் விடிந்த பிறகுதான். தம்பி அந்த வருடம்தான் பாடற்குழுவில் முதல் தடவையாகத் தனியாகப் பாடினான். அடுத்த நத்தாருக்குள் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆகவே விடுமுறையை டிசம்பர் முதல் வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள். பயிலுநருக்கு யார் தரப்போகிறார்கள் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்; எனக்குத் தந்திருப்பார்களாம், பிறகு சொன்னார்கள். ரயில் ஆசனங்களை 30 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். அப்படியென்றால் 24ஆம் திகதிப் பயணத்தை நவம்பர் 24ஆம் திகதியே நினைக்க வேண்டும். காலையில் புறப்படும் பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே இரண்டில் ஒன்றைப் பிடித்தால் பகலிலேயே வீடு. ஆசனம் தப்பிவிட்டால் விடியற்காலையில் அவிசாவளை, கினிகத்தேனை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். வளைவுகளில் வயிறு புரட்டும். புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம்.

பயிற்சி நாட்குறிப்பை ஜனவரிக்குத் தள்ளிவைப்பது

மேற்பார்வையாளர் 20ஆம் திகதியளவில் விடுமுறையில் போனால் புது வருடம் பிறந்த பிறகுதான் வருவார். டிசம்பரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அப்போது உங்களுக்கே மறந்திருக்கும், அவருக்கு எங்கே நினைவிருக்கும்? அவர் விடுமுறையில் போவதற்கு முன்தினமே புத்தகத்தை நீட்டிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

23ஆம் திகதி புறக்கோட்டையில் உடுப்பு வாங்கப் போவது

வேண்டாம்.

செலவுக்குப் பயந்து அறையிலேயே கிடப்பது

இதுவும் தவறுதான். கொழும்பின் நத்தாரில் பாதி இலவசம். டிசம்பர் நடுவில், கூட்டம் பெருகுவதற்கு முன், ஒரு மாலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போங்கள். அங்கிருந்து கொட்டாஞ்சேனை லூசியா பேராலயம் நடை தூரம்தான். இன்னொரு மாலை காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுகொண்டே காற்று வாங்கலாம். பெரிய ஹோட்டல்களின் முன்மண்டபத்து மரங்களைப் பார்க்கவும் காசு கேட்பதில்லை. நிமிர்ந்து நடந்து உள்ளே போங்கள். கேக்கை மட்டும் பெட்டியாக வாங்காதீர்கள். கஜுவும் ரவையும் போட்டு, துண்டு துண்டாகக் காகிதத்தில் சுற்றி விற்பதை வாங்கி உடுப்புகளுக்கு நடுவே வையுங்கள்.

ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டு ரயில் ஏறுவது

ஹட்டன் 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. மூன்று மாதத்தில் அதுவுமா மறந்துபோகும்?