விராலுக்குத் தவளை லூர்: எதை வாங்குவது, எப்படி இழுப்பது

விராலுக்கு லூர், அதாவது இரை மாதிரி செய்த போலி இரை, வாங்கப் போனால் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தூண்டில் முள் எங்கே இருக்கிறது என்பதை. கொங்குப் பக்கத்தில் விரால் கிடக்கிற இடமெல்லாம் ஆகாயத்தாமரையும் கோரையும் வேலம்பாசியும் மண்டிய குளம், குட்டை, கீழ்பவானி வாய்க்காலின் கசிவு தேங்கும் பள்ளம் இவைதான். வயிற்றில் மூன்று முள் தொங்குகிற லூரை அங்கே வீசினால், ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கூடை பாசி வரும், மீன் வராது.

அதனால் உள்ளே காற்றோடு மிதக்கும் ரப்பர் தவளைதான் முதல் தேர்வு. இதில் இரட்டை முள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். செடிமேல் ஏறி இறங்கும்போது எதிலும் மாட்டாது, மீன் கவ்வியதும் உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். கடையிலேயே கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அமுக்கிப் பாருங்க. லேசாக அமுக்கினதுமே முள் இரண்டும் தெரிய வேணும். கெட்டியாக இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிட்டு வாங்க, அது மீனுக்குக் கடிக்க மட்டும்தான் கொடுக்கும். நீளம் 5 முதல் 6 செ.மீ., எடை 10 முதல் 14 கிராம் இருந்தால் சரி. அதைவிட லேசானது காற்றில் தூரம் போகாது. விரால் இனத்துச் சின்ன மீனான குரவை மட்டுமே கிடக்கிற சின்னக் குட்டை என்றால் 4 செ.மீ. தவளை போதும்.

நிறத்தைப் பற்றி இரண்டு வரி. விரால் கீழேயிருந்து மேலே பார்க்கிறது, அதற்குத் தெரிவது பெரும்பாலும் தவளையின் நிழலுருவம்தான். கலங்கல் தண்ணீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு, தெளிந்த தண்ணீரில் பச்சை அல்லது பழுப்பு. இதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை.

ராடு (தூண்டில் கோல்) ஆறரை முதல் ஏழு அடி, மீடியம் ஹெவி என்கிற ஓரளவு விறைப்பான ரகம். நரம்பு சுற்றுகிற ரீல் 3000 அல்லது 4000 அளவு. நரம்பு கட்டாயம் பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்தது), 30 முதல் 40 பவுண்டு தாங்குவது. ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக்கிடந்தால் 50. சாதாரண தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) இழுத்தால் நீளும். இருபது மீட்டருக்கு அப்பால் நீங்கள் சுண்டுகிற சுண்டலில் பாதி அந்த நீட்சியிலேயே போய்விடும், முள் தாடை எலும்பில் இறங்காது, அதற்குள் விரால் செடி வேருக்குள் தலையைக் கொடுத்துவிடும். பிரெய்டை நேராகத் தவளையிலேயே கட்டலாம். பாலோமர் முடிச்சு போதும்: நரம்பை இரட்டையாக மடித்து வளையத்துக்குள் விட்டு, தளர்வாக ஒரு சாதா முடிச்சு போட்டு, மடிப்புக்குள் தவளை முழுவதையும் நுழைத்து, எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்க. நனைக்காமல் இறுக்கினால் உராய்வில் நரம்பு பலமிழக்கும். ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற பிடி) கையால் இழுத்தால் வராத அளவுக்கு இறுக்கி வையுங்க. செடிக்குள் மீனை ஓடவிட்டு விளையாடுவதற்கு இடமில்லை.

காலை வெயில் ஏறுமுன்னும், பொழுது சாயும்போதும் விரால் ஓரத்துக்கு வரும். நடு மத்தியானம் செடிப் பாயின் நிழலுக்கடியில் கிடக்கும். இந்த மீன் அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடித்தாக வேணும். 'குப்' என்ற சத்தமும் ஒரு சுழியும் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதன் தலைமேலேயே போடக் கூடாது. ஒன்றிரண்டு மீட்டர் தாண்டிச் செடிமேல் விழவிட்டு, அங்கிருந்து இழுத்துக்கொண்டு வாங்க. ராடு நுனி தாழ்ந்திருக்கட்டும், நரம்பில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். இரண்டு மூன்று சின்னச் சுண்டல், ஒரு நிறுத்தம். செடிக்கு நடுவே தண்ணீர் திறந்திருக்கிற பொந்து வந்ததும் தவளையை அதில் இறக்கி, நாலைந்து வினாடி கம்முனு விடுங்க. அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

விழுந்த அடியில் மீன் தப்புவதற்கு முக்கியக் காரணம் அவசரம். தண்ணீர் வெடித்ததும் கை தானாக மேலே போகும், தவளை மீன் வாயிலிருந்து பறந்து உங்கள் முகத்துக்கு வரும். சத்தத்துக்கு இழுக்காதீங்க, கனத்துக்கு இழுங்க. ராடைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றியெடுத்து, ஒன்றிரண்டு வினாடியில் கனம் தெரிந்ததும் ஓங்கி ஒரே இழுப்பு. பிறகு தலையை மேலேயே வைத்து, நிறுத்தாமல் சுற்றி வாங்க. செடிக்குள் புதைந்துவிட்டால் ராடை உலுக்கக் கூடாது, ராடை நரம்புக்கு நேராக நீட்டிப் பிடித்து, இறுக்கம் விடாமல் செடியோடு சேர்த்தே மெதுவாக இழுங்க. மீன் அடித்துவிட்டு விட்டுவிட்டால் தவளையை அங்கேயே கிடக்கவிட்டு மறுபடி லேசாகச் சுண்டுங்க, திரும்ப வருவது உண்டு.

பொறுத்து இழுத்தும் மீன் நழுவிக்கொண்டே இருந்தால் முள் முனைகளைக் குறடால் இரண்டு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விரித்து, அரம் போட்டுக் கூராக்குங்க. காலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது என்றால் தவளையின் ரப்பர் கால்களைப் பாதியாக வெட்டுங்க. தவளை அமிழ ஆரம்பித்தால் முள் வெளிவரும் ஓட்டை வழியே தண்ணீர் புகுந்திருக்கும், பிழிந்துவிட்டு வீசுங்க. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு அடி நரம்பை நகத்தால் தடவி, சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்க.

செடி இல்லாத திறந்த தண்ணீருக்குத் தவளை தேவையில்லை. வாய்க்கால் அடைத்த பிறகு பள்ளங்களில் தேங்கும் தண்ணீரில், ஈயமில்லாமல் ஆஃப்செட் முள்ளில் (கண்ணுக்கு அருகே வளைவு உள்ள முள்) கோர்த்த சாஃப்ட் பிளாஸ்டிக் (மெத்தென்ற ரப்பர் மாதிரி லூர்) நன்றாக வேலை செய்யும், முள் 3/0 அல்லது 4/0. ஓடுகிற தண்ணீரில் 7 கிராம் ஸ்பின்னர் (இழுத்தால் தகடு சுழலும் லூர்), தகடு சுழல்கிற அளவுக்கு மட்டும் மெதுவாக. கிணற்று விரால் தனிக் கதை: படியிலிருந்து அடித்துத் தூக்கும்போது ராடு முறியும், கயிறு கட்டிய கைவலை இல்லாமல் இறங்காதீங்க.

பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி அணைகளின் மீன்பிடி உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடம் இருக்கிறது. ஊர்க் குளங்கள் பல ஏலத்தில் போயிருக்கும், ஏலம் எடுத்தவரைக் கேட்டுவிட்டு வீசுவதுதான் முறை. அமராவதியில் முதலைகள் இருக்கின்றன, சிக்கின லூரை எடுக்கத் தண்ணீரில் கால் வைக்காதீங்க.

மழைக்குப் பிறகு செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் பந்தாக மேலே வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். அதனால்தான் பலரும் தேடிப்போய் அடிக்கிறார்கள். காவல் போனால் ஜிலேபியும் கெளுத்தியும் குஞ்சுகளை மிச்சம் வைக்காது, அந்த வருசத்து விரால் அந்தக் குளத்தில் அத்தோடு சரி. அந்த இடத்தைத் தாண்டிப் போங்க.

பிடித்த மீனை ஈரத்துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, குறடால் முள்ளை எடுங்க. விரல் வேண்டாம், பல் சின்னதென்றாலும் கிழிக்கும். உயிரோடு கொண்டுபோக வேணுமென்றால் பக்கெட்டில் மீன் முதுகு மூடும் அளவு தண்ணீர் போதும், மேலே காற்றுக்கு இடம் விட்டு ஓட்டை போட்ட மூடியை இறுக்கிக் கட்டுங்க. மூடாவிட்டால் துள்ளி வெளியேறும், விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூடினால் காற்றுக் குடிக்க முடியாமல் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும்.