பழைய டெஸ்க்டாப்: ரேம், எஸ்எஸ்டி போட்டால் போதுமா, புதுசே வாங்கணுமா?

வீட்டு கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்ததும் எல்லாரும் சொல்வது, "புதுசு வாங்கிடுங்க". அவசரப்படாதீர்கள். ஐ5-6500, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் உள்ள எங்கள் வீட்டு சிஸ்டத்தை நான் எந்த வரிசையில் அலசினேனோ, அதையே எழுதுகிறேன்.

படி 1: எது இழுக்கிறது?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டே வழக்கமான வேலையைப் பாருங்கள். சிபியு 20, 30 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டினால் ரேம் போதவில்லை. சிபியுவே எந்நேரமும் 100 என்றால் நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

படி 2: முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம்

இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும், பழைய ஹார்டு டிஸ்க் 100-150 எம்பிதான். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும்போது வித்தியாசம் இன்னும் பல மடங்கு. நாளைக்கே புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் இதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டலாம், காசு வீணாகாது. பழைய வகையான டிடிஆர்3 ரேம் அப்படியில்லை, அதற்கு அடுத்து வந்த டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. அதனால் டிடிஆர்3 போர்டில் (மதர்போர்டில்) 8 ஜிபிக்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

படி 3: ப்ராசஸர் மாற்றலாமா?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். ஆறாம் தலைமுறை ஐ5 உட்காருகிற சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறைக்கும் அதே பெயர்தான். பெயரைப் பார்த்து வாங்கிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்: எச்110, பி250 மாதிரி 100, 200 வரிசை போர்டுகளில் எட்டாம் தலைமுறை ஓடாது, 300 வரிசை போர்டு வேண்டும். இருக்கிற போர்டிலேயே மேலே போவதானால் பழைய ஐ7-6700, 7700 வரைதான். ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலில் இன்டெல் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அந்த ஐ7-க்குக் கொடுக்கிற காசு முட்டுச்சந்தில் போய் நிற்கும்.

ஏஎம்டி ப்ராசஸருக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017-இல் வந்த போர்டுகளில்கூடப் பலவும் பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ரைசன் 5000 வரிசையை ஏற்கும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடித்துவிட வேண்டும், அதுவும் யுபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் அதற்குப் பெயர் அப்கிரேடு இல்லை. புதுசு வாங்குகிறீர்கள். கேபினெட், மானிட்டர், எஸ்எஸ்டி மட்டும் பழசு. பல வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளையை) அதில் திரும்ப மாட்டாதீர்கள்.

எங்கள் சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். பிரவுசர், லிப்ரெஆபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் நன்றாக ஓடுகிறது. டாலி ஓட்டுகிறவர்களுக்கு லினக்ஸ் ஒத்துவராது, அவர்கள் புதுசு வாங்குவதே நல்லது.

பின்சேர்க்கை

எட்டாம் தலைமுறை இருந்தும் விண்டோஸ் 11 ஏறவில்லை என்று சிலர் கேட்டார்கள். பெரும்பாலும் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் அணைந்திருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள்.

அதன் பிறகும் முரண்டு பிடித்தால், டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய முறையான எம்பிஆரில் விண்டோஸ் ஏற்றப்பட்டிருக்கலாம். அதைப் புது முறையான ஜிபிடியாக மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஆனால் நம்மூரில் சிஸ்டம் போட்டுக் கொடுப்பவர்கள் டி, இ, எஃப் என்று பிரித்து வைத்திருப்பார்களே, அவை லாஜிக்கல் பார்ட்டிஷனாக இருந்தால் அந்தக் கருவி மறுத்துவிடும். அதோடு மல்லுக்கட்டாமல் பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையை வைத்து, புது எஸ்எஸ்டியில் விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் போட்டோக்கள் எல்லாம் அப்படியே இருக்கும்.