காத்தலான் சமையல்: வெங்காயத்தில் தொடங்கும் தவறுகள்

காத்தலான் சமையலை முதன்முறை செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் குறிப்பைச் சரியாகத்தான் பின்பற்றுகிறார்கள். வெங்காயம், தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பாதாம் எல்லாம் சொன்ன அளவில் இருக்கும். ஆனாலும் தட்டில் வருவது காரமில்லாத தக்காளிக் குழம்பு மாதிரி இருக்கும். நானும் பல மாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்தச் சமையலில் பொருள்கள் மிகக் குறைவு, மசாலாவும் அதிகம் கிடையாது. எதை எப்போது போடுகிறோம், எவ்வளவு நேரம் அடுப்பில் விடுகிறோம் என்பதில்தான் சுவை முழுக்க இருக்கிறது. அதனால் தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

அதற்கு முன் ஒரு அடிப்படைத் தவறைச் சொல்லிவிடுகிறேன். காத்தலோனியா ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. மேலே பைரனீஸ் மலை, கிழக்கே மத்தியதரைக் கடல், தலைநகர் பார்சிலோனா. அதற்குத் தனி மொழி உண்டு, தனிச் சமையலும் உண்டு. 'ஸ்பானிய உணவு' என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போடும்போது பயேயா எனும் சோறு, கஸ்பாச்சோ எனும் குளிர்ந்த தக்காளி சூப், சோரிஸோ எனும் சாசேஜ் எல்லாம் இங்கே வந்துவிடுகின்றன. பயேயாவின் ஊர் வலென்சியா. கஸ்பாச்சோ தெற்கே அந்தலூசியாவைச் சேர்ந்தது. காத்தலான்காரர்களின் சாசேஜுக்குப் பெயர் போட்டிஃபார்ரா. பன்றி இறைச்சி, உப்பு, மிளகு, அவ்வளவுதான். அதைச் சுட்டு வெள்ளை பீன்ஸோடு வைப்பார்கள். அது கிடைக்கவில்லை என்று சோரிஸோவைப் போட்டால், அதில் இருக்கும் சிவப்பு மிளகாய்த்தூள் பீன்ஸின் மென்மையான சுவையை மூடிவிடும். மிளகு போட்ட சாதாரண சாசேஜ் எவ்வளவோ மேல்.

அவசர சொஃப்ரெஜித்

நம் சமையல் குறிப்புகளில் 'வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கவும்' என்று ஒரு வரி வரும். கை பழகிய வேகத்தில் ஏழெட்டு நிமிடத்தில் அதை முடித்துவிடுவோம். காத்தலான் வீட்டில் அதே வெங்காயம் முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அடுப்பில் இருக்கும். அதுதான் சொஃப்ரெஜித். மீன் குழம்போ, கோழியோ, சோறோ, சேமியா போன்ற ஃபிதெயூஸோ, பெரும்பாலான பானை உணவுகள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

பலர் தக்காளிதான் இதன் உயிர் என்று நினைத்து, வெங்காயம் கண்ணாடி போல ஆனதுமே தக்காளியைக் கொட்டுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். காத்தலான் மொழியின் மிகப் பழைய சமையல் நூலான சென்ட் சோவி 1324ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அதிலேயே சொஃப்ரெஜித் வருகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி ஐரோப்பாவுக்கு வர இன்னும் இருநூறு ஆண்டுகள் இருந்தன. அப்போது அது வெறும் வெங்காயம்தான். இன்றும் முதல் இடம் வெங்காயத்துக்கே. தக்காளியின் புளிப்பும் தண்ணீரும் சேர்ந்த பிறகு வெங்காயம் மேற்கொண்டு நிறம் மாறாது. வெளிறிய நிலையில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான்.

நான் இப்போது செய்யும் முறை இது. அரை கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொள்கிறேன். அடி கனமான பாத்திரத்தில் ஐந்து மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். எண்ணெயைக் குறைத்தால் வெங்காயம் வதங்காமல் தீய்ந்துவிடும், இதில் கை சுருக்க வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். அடியில் பிடிக்கத் தொடங்கினால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட வேண்டும். அந்தப் பழுப்பு நிறம் மறுபடி வெங்காயத்துக்கே போகும். கடைசியில் அது ஜாம் போலக் குழைந்து, பழுப்பாக, இனிப்பு மணத்தோடு இருக்கும். அப்போதுதான் தக்காளி. பழுத்த தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேய்த்தால் சதை கீழே விழும், தோல் கையில் நிற்கும். அதையும் எண்ணெய் பிரிந்து வரும்வரை வற்றவிட வேண்டும். சர்க்கரை சேர்த்து இந்த நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இனிப்பு வரும், ஆழம் வராது. நேரமில்லாதவர்கள் விடுமுறை நாளில் இரண்டு கிலோ வெங்காயத்தில் மொத்தமாகச் செய்து, சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். தரம் குறையாது.

ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கவே கூடாது என்ற பயம் நம்மிடம் இருக்கிறது. காத்தலோனியாவில் வதக்குவது, வறுப்பது எல்லாமே அதில்தான். சியுரானா, லெஸ் கர்ரிகெஸ் பகுதிகளின் எண்ணெய் பெரும்பாலும் அர்பெக்கினா என்ற சின்ன ஆலிவிலிருந்து வருவது. காரம் குறைவு, லேசான பாதாம் மணம் இருக்கும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இங்கே பொருந்தாது. அவற்றின் மணம் உணவை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடும்.

கடைசியில் வர வேண்டியது முதலில் வந்தால்

சொஃப்ரெஜித் தொடக்கம் என்றால், பிக்காதா முடிவு. வறுத்த பாதாம் அல்லது ஹேசல்நட், பூண்டு, எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு ரொட்டி, பார்ஸ்லி, கொஞ்சம் குங்குமப்பூ. இவற்றை உரலில் இடித்து, கொதிக்கும் குழம்பிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து ஊற்றிக் கரைத்து, இறக்குவதற்கு ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு முன் சேர்ப்பார்கள். குழம்பு கெட்டிப்படும், கூடவே புதிதாக ஒரு மணமும் எழும். தேங்காய் அரைத்து ஊற்றிப் பழகியவர்களுக்கு இதன் வேலை உடனே புரிந்துவிடும்.

புரிந்தாலும் தவறுகிறோம். முதல் தவறு, எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே போட்டு வதக்குவது. ரொட்டி அடிப்பிடிக்கும், பூண்டின் மணம் போய்விடும், குங்குமப்பூ வீணாகும். அடுத்தது மிக்ஸி. தண்ணீர் விட்டு சந்தனம் போல அரைத்தால் குழம்பு கஞ்சி போல ஆகிவிடும். கொட்டைகள் லேசாகக் கொரகொரப்பாக நாக்கில் தட்டுப்பட வேண்டும், அதற்கு இடிகல்தான் சரி. கொட்டையை வறுக்காமல் பச்சையாகப் போடுவதும் அடிக்கடி பார்க்கும் தவறு. அளவும் முக்கியம்: நான்கு பேருக்கான பானைக்கு பதினைந்து பாதாமும் இரண்டு பல் பூண்டும் போதும்.

சில பிக்காதாவில் கறுப்புச் சாக்லேட் ஒரு துண்டு வரும். முயல் கறியிலும், கோழியையும் இறாலையும் ஒன்றாகப் போடும் எம்போர்தா பகுதி உணவிலும் இதைப் பார்க்கலாம். கடலும் மலையும் என்று பொருள்படும் 'மார் இ முந்தான்யா' வகை அது. படித்ததும் முகம் சுளிக்க வேண்டாம், பால் சாக்லேட்டும் போட வேண்டாம். இனிப்பில்லாத கறுப்புச் சாக்லேட் கட்டைவிரல் நகமளவு போட்டால் நிறமும் ஒரு மெல்லிய கசப்பும் வரும், அதுவே போதும்.

உரல் பற்றிப் பேசும்போது அல்லியோலியை விட முடியாது. பெயரே செய்முறை: 'அல்' என்றால் பூண்டு, 'ஓலி' என்றால் எண்ணெய், நடுவில் வரும் 'இ' நம்முடைய 'உம்'. முட்டை இல்லை. கடையில் புட்டியில் கிடைப்பதும், பல உணவகங்களில் வருவதும் முட்டை சேர்த்த பூண்டு மயோனைஸ்தான். அது சுவையாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு அல்லியோலி தெரியும் என்று சொல்லக் கூடாது. நான்கைந்து பல் பூண்டு, நடுவில் பச்சை முளை இருந்தால் நீக்கிவிட்டு, உப்போடு மசிய இடிக்க வேண்டும். ஒரு சின்னத் துண்டு கூட முழுதாக இருக்கக் கூடாது. பிறகு எண்ணெயைத் துளித் துளியாக விட்டு ஒரே திசையில் அரைக்க வேண்டும். பூண்டும் எண்ணெயும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பூண்டு சரிவராது. அவசரப்பட்டு எண்ணெயைச் சரித்து ஊற்றினால் திரிந்துபோகும். அப்படித் திரிந்ததை அங்கே 'நெகாட்' என்பார்கள், மூழ்கியது என்று பொருள். அதைக் கொட்டிவிட வேண்டாம். கடற்கரை மீனவர்கள் அதையே வேண்டுமென்று மீன் குழம்பில் கலக்கிக் கெட்டிப்படுத்துவார்கள்.

மிளகாய் சிவப்பாக இருந்தால் காரமும் இருக்க வேண்டுமா?

தர்ரகோனா பகுதியின் ரோமெஸ்கோ சாஸைப் படத்தில் பார்த்தவுடன் நமக்கு மிளகாய்ச் சட்னி நினைவு வரும். அந்தச் சிவப்பு, ஞோரா என்ற உருண்டையான காய்ந்த மிளகாயிலிருந்து வருகிறது. அதில் காரம் கிடையாது. அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிளந்து, உள்சதையை மட்டும் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். தோலையும் விதையையும் விட்டுவிடலாம். கூடவே சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, பாதாம், ஹேசல்நட், எண்ணெய், கொஞ்சம் வினிகர். ஞோரா கிடைக்காவிட்டால் குண்டு மிளகாயைத் தொட வேண்டாம். சுட்ட சிவப்புக் குடைமிளகாயோடு, விதை நீக்கிய ஒரே ஒரு காஷ்மீரி மிளகாயை ஊறவைத்துச் சேர்த்தால் ஓரளவு அருகில் வரலாம்.

ரோமெஸ்கோவின் நெருங்கிய உறவான சல்விச்சாதா சாஸைத் தொட்டுத்தான் கல்சோட் சாப்பிடுவார்கள். கல்சோட்டை வெங்காயத்தாள் என்று மொழிபெயர்ப்பதிலேயே தவறு தொடங்குகிறது. ஒரு முறை விளைந்த வெள்ளை வெங்காயத்தை மறுபடி நட்டு, அது விடும் தண்டுகள் உயர உயர மண்ணை அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாததால் தண்டு நீளமாக, வெள்ளையாக, இனிப்பாக வளரும். அந்த மண் அணைப்புக்கு அவர்கள் சொல்லும் 'கல்சார்' என்ற சொல்லுக்குக் காலணி மாட்டுவது என்றும் பொருள் உண்டு. வால்ஸ் ஊர்க் கல்சோட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஜனவரி கடைசி ஞாயிறு அங்கே திருவிழாவே நடக்கும்.

வீட்டில் செய்பவர்கள் தண்டை உரித்துக் கழுவி, மெல்லிய தணலில் பொறுமையாகச் சுடுகிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் பொறுமை சரி, இங்கே தவறு. திராட்சைக் கொடியின் காய்ந்த கிளைகளை எரித்து, உயர்ந்த தீச்சுவாலையில் வெளித்தோல் கரியாகும்வரை சுட வேண்டும். பிறகு செய்தித்தாளில் சுற்றி வைத்தால் உள்ளே தன் ஆவியிலேயே வெந்து குழையும். கருகிய தோலைச் சாப்பிடுகிறவரே உருவி எறிவார், கையால்தான். முள்கரண்டியும் கத்தியும் வைத்தால் அந்த விருந்தின் மகிழ்ச்சியே போய்விடும்.

தக்காளி தேய்த்த ரொட்டி, இன்னும் சில

பா அம்ப் தொமாக்கெட்: ரொட்டி, தக்காளி, எண்ணெய், உப்பு. இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். தக்காளியை மிக்ஸியில் அடித்துப் பூசுவது முதல் தவறு. ரொட்டி ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். வெட்டிய தக்காளியை ரொட்டி மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். காத்தலோனியாவில் இதற்கென்றே கொத்தாகக் கட்டித் தொங்கவிடும் தக்காளி வகை உண்டு. தோல் தடித்து, குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும். நமக்கு நன்றாகக் கனிந்த நாட்டுத் தக்காளி போதும். ரொட்டிக்கு மொறுமொறுப்பான ஓடும் ஓட்டை ஓட்டையான உட்புறமும் வேண்டும், பால் ரொட்டி ஆகாது. பூண்டு தேய்ப்பதானால் தக்காளிக்கு முன்னால் தேய்த்துவிட வேண்டும். அப்புறம் உப்பு, கடைசியில் எண்ணெய்.

எஸ்கலிவாதா என்ற சுட்ட காய்கறி உணவுக்குச் சுட்ட கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் குழாய்த் தண்ணீரில் காட்டித் தோல் உரிக்கிறார்கள். தோலோடு புகை மணமும் சேர்ந்து போய்விடும். மூடி வைத்து வியர்க்கவிட்டால் தோல் தானாகக் கழன்று வரும். கையில் கொஞ்சம் கரி ஒட்டும், பரவாயில்லை.

உப்புக் காட் மீனைக் குளிர்ந்த தண்ணீரில் ஃப்ரிட்ஜில் வைத்து, பல முறை தண்ணீரை மாற்ற வேண்டும். தடித்த துண்டுக்கு ஒன்றரை நாள் கூட ஆகும். அதில் செய்யும் எஸ்கெஷாதா சாலட்டுக்கு மீனைக் கத்தியால் நறுக்கக் கூடாது. பெயருக்கே கிழித்தது என்றுதான் பொருள், கையால் நார் நாராகப் பிய்க்க வேண்டும்.

கிரெமா கத்தலானா எனும் கஸ்டர்ட் இனிப்பைச் செய்யும்போது பலர் பிரெஞ்சு கிரெம் ப்ரூலேயின் முறையைப் பிடித்துக்கொண்டு, க்ரீம் வாங்கி, ஓவனில் தண்ணீர்த் தட்டு வைக்கிறார்கள். இதற்குப் பால் போதும். எலுமிச்சைத் தோலும் பட்டையும் ஊறிய பாலை, மஞ்சள் கரு, சர்க்கரை, கார்ன்ஃப்ளார் கலவையோடு சேர்த்து அடுப்பிலேயே கிளறிக் கெட்டியாக்குவார்கள். மார்ச் 19, புனித யோசேப்பு நாளின் இனிப்பு இது. மேலே சர்க்கரை தூவிக் கருக்குவதைப் பரிமாறும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். முன்பே கருக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்தக் கண்ணாடி ஓடு கரைந்து தண்ணீராகிவிடும்.

கிறிஸ்துமஸ் பானை உணவான எஸ்குதெல்யாவில் இறைச்சி, எலும்பு, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பிலோத்தா எனும் பெரிய கறி உருண்டை எல்லாம் ஒரே பானையில் வேகும். ஆனால் ஒரே தட்டில் ஒன்றாக வராது. சாற்றை வடித்து, நத்தை ஓடு போன்ற பெரிய கலெட்ஸ் பாஸ்தாவை அதில் வேகவைத்து முதலில் கொடுப்பார்கள். இறைச்சியும் காய்கறியும் தனித் தட்டில் பிறகு வரும். முட்டைக்கோஸையும் கிழங்கையும் கடைசி அரை மணி நேரத்தில் போட்டால் போதும், முதலிலேயே போட்டால் சாறு கலங்கிவிடும்.

இறைச்சி மிச்சமாகிவிட்டதே என்று கவலைப்படுபவர்கள் டிசம்பர் 26 வரை பொறுக்க வேண்டும். அன்று புனித ஸ்தேவான் நாள், வீட்டுக்கு வீடு கனெலோன்ஸ். இத்தாலியக் குறிப்பைப் பார்த்துப் பச்சைக் கொத்துக்கறியை வதக்கி உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். காத்தலான் கனெலோன்ஸில், முந்தின நாளே வெந்த அல்லது சுட்ட கறியை அரைத்துத்தான் பாஸ்தாவில் சுருட்டுவார்கள். மேலே வெள்ளை பெஷமெல் சாஸ் ஊற்றி, சீஸ் தூவி, மேல்பக்கம் சிவக்கும்வரை ஓவனில் வைத்து எடுப்பார்கள்.