பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் ஹீட்டர் குழாயைப் பாருங்கள்

டெம்பரேச்சரைக் கடைசிக் குளிருக்குத் திருப்பிவிட்டு, இன்ஜின் சூடானதும் ஹீட்டர் வால்வை (ஹீட்டருக்குப் போகும் சூடான கூலன்டைத் திறந்து மூடுவது) தாண்டி கேபினுக்குள் போகும் ரப்பர் குழாயை லேசாகத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் வால்வு சரியாக மூடவில்லை. ஏர்கோன் குளிராக்கும் காற்றை, இன்ஜினிலிருந்து வந்து ஹீட்டருக்குள் ஓடும் சூடான கூலன்ட் மறுபடி சூடாக்கிவிடுகிறது. எத்தனை முறை கேஸ் ஏற்றினாலும் ஃபெடரல் ஹைவே ஜாமில் வேர்த்துக் கொட்டும். கோலாலம்பூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? இன்ஜின் ஆறியபின் அந்தக் குழாயைக் கிளாம்ப் போட்டு நெரித்து ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்தால் வால்வை மாற்றினால் போதும். இன்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் வேக்கூம் வால்வாக இருந்தால், முதலில் அதன் மெல்லிய குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு இது பொருந்தாது. அதில் வால்வே கிடையாது, குழாய் எப்போதும் சூடுதான். ஹீட்டர் பெட்டிக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவை இழுக்கும் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். காய்ந்து இறுகிப்போன ரப்பரையும் நெரிக்காதீர்கள், வெடித்துவிடும்.