கிளினிக்கைப் பசுமையாக்கக் கிளம்பும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் ஜூனியர் ஒருவர் புதுக் கிளினிக் திறந்தார். வாசலில் துளசியும் வேப்பங்கன்றும், மாடியில் சோலார், மருந்து வாங்குபவர்களுக்கு மஞ்சப்பை என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் மருந்து வைக்கும் அறையைக் காட்டினார். தரையிலிருந்து பரண் வரைக்கும் அட்டைப்பெட்டிகள். “பத்து வாங்கினா மூணு ஃப்ரீ மேடம், இந்த மாசம் மட்டும்தானாம், மருந்துக் கம்பெனி ரெப் சொன்னார்” என்றார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் தேனிப் பக்கம் நான் கிளினிக் போட்டபோது என் அறையும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையை இவரும் கொடுக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்.இ.டி. பல்பு, ஏ.சி.யை 26-ல் வைப்பது, பிளாஸ்டிக் கப்பை ஒழிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஆஃபரில் மருந்து வாங்கிக் குவிப்பது

ஒரு சின்னக் கிளினிக்கால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பு என்றதும் கரண்ட் பில்லும் குப்பைத் தொட்டியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது: குடும்ப டாக்டரின் கிளினிக் மூலம் வெளியாகும் கார்பனில் பாதிக்கும் மேல், அவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் இருக்கிறது. யோசித்தால் ஆச்சரியமில்லை. ஒரு மாத்திரை நம் கைக்கு வருவதற்குள் எத்தனை ரசாயனம், எத்தனை கரைப்பான், எவ்வளவு மின்சாரம், அப்புறம் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அட்டை, அதற்கு மேல் காகிதப் பெட்டி, லாரி. அப்படி வந்த மாத்திரை யார் வயிற்றுக்கும் போகாமல் காலாவதியாகிறது என்றால், அத்தனையும் வீணுக்காகச் செய்த வேலை.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் மழைக்காலத்துக்கு முன்னால், குழந்தைகளுக்குச் சளி காய்ச்சல் வரிசைகட்டி வரும் என்று நம்பி, ஆன்டிபயாடிக் சிரப்பும் இருமல் மருந்தும் ஆஃபரில் பெட்டி பெட்டியாக எடுத்தேன். அந்த வருடம் கூட்டமே இல்லை. வந்த குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஒரு வருடம் கழித்துப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் நான்கு பெட்டிகள் பிரிக்காமலே இருந்தன. தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருந்து கொடுத்த மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டுக்குப் போன் போட்டால், “ஆஃபர் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது மேடம்” என்று வைத்துவிட்டார்கள். இருபத்து மூவாயிரம் ரூபாய் போச்சு. அப்போது எனக்கு அது இரண்டு மாத வாடகை.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதற்கு அடுத்து நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் மதியம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், எங்கள் சிஸ்டர் உதவி செய்வதாக நினைத்து, பாட்டில்களை எல்லாம் திறந்து, பவுடராக இருந்த ஆன்டிபயாடிக்கில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பின்பக்கத் தொட்டியில் ஊற்றிவிட்டார். காலி பாட்டிலைக் கழுவிப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டால் நாலு காசு வருமே என்ற நல்லெண்ணம்தான். நான் திரும்பி வரும்போது சந்து முழுக்க ஆரஞ்சு மிட்டாய் வாசனை. சாக்கடையில் வெள்ளையும் ரோஸுமாக நுரை, அதன் ஓரத்தில் எறும்பு சாரை. அந்தச் சாக்கடை நேராகக் கண்மாய்க்குத்தான் போகிறது. அங்கேதான் ஆடு மாடு தண்ணீர் குடிக்கும். எந்தக் குழந்தைக்கும் கொடுக்கத் தேவைப்படாத ஆன்டிபயாடிக்கை நான் ஒரு ஊர்க் கண்மாய்க்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கிருமிகள் இப்படித்தான் மருந்துக்குப் பழகுகின்றன. அதே கிருமிகள் நாளைக்கு ஒரு நோயாளியின் உடம்பில் ஏறி நம் கிளினிக்குக்கே வந்தால், நாம் எழுதும் மருந்து வேலை செய்யாது. சிஸ்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. காலாவதி மருந்தை என்ன செய்ய வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித் தரவேயில்லை.

காலாவதியான மருந்து, எரிக்க வேண்டிய மருத்துவக் கழிவுக்கென்று வைத்திருக்கும் மஞ்சள் பைக்குப் போக வேண்டும் (வாசலில் கொடுக்கும் துணி மஞ்சப்பை வேறு). உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. கழிவு எடுக்க வரும் வண்டியில் கணக்கெழுதிக் கொடுத்துவிட்டால், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு அறைகள் கொண்ட எரிஉலையில் எரிப்பார்கள். இரண்டாவது அறையில் வெப்பம் 1050 டிகிரி. கொல்லைப்புறத்தில் நாம் கொளுத்தும் தீக்கு அந்தச் சூடு வராது. மாத்திரை அட்டையில் இருக்கும் பி.வி.சி. குறைந்த சூட்டில் எரிந்தால் வருவது டையாக்சின், கொடிய நஞ்சு.

ஆனால் மஞ்சள் பை வரைக்கும் போகவிடாமல் வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. ஆஃபர் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய் மருந்து பத்து வாங்கினால் மூன்று சும்மா, அதாவது ஆயிரம் ரூபாய்க்குப் பதிமூன்று. தேதி முடிவதற்குள் எட்டுதான் செலவானது என்றால் ஒன்று நூற்று இருபத்தைந்து ரூபாய்க்கு வாங்கியதாக ஆகிறது. ஆஃபரே இல்லாமல் எட்டு வாங்கியிருந்தால் எண்ணூறோடு முடிந்திருக்கும். இப்போது நான் ஆறு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குகிறேன், அதுவும் போன வருடம் இதே மாதம் எவ்வளவு செலவானது என்று நோட்டைப் பார்த்துவிட்டுத்தான். பெட்டி வந்தவுடன் காலாவதி மாதத்தைச் சிவப்பு மார்க்கரில் பெரிதாக எழுதி, முதலில் முடிவதை முன்னால் வைக்கிறோம். மூன்று மாதம் மிச்சமிருக்கும்போதே பட்டியல் போட்டு ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம். திரும்ப எடுப்பீர்களா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போடுவது

பயத்தில் செய்யும் தவறு இது. மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை மாதிரி சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிரிஞ்ச் உறை, மருந்துப் பெட்டி, டீ கப் எல்லாம் மஞ்சள் பைக்குப் போனால் எல்லாமே எரிஉலைக்குத்தான் போகும். ஊசியை வெட்டிய பிறகு சிரிஞ்சின் பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு வந்தால், நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். அதே சிரிஞ்ச் மஞ்சளுக்குப் போனால் புகைதான். வெட்டிய ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, மருந்துக் குப்பியின் கண்ணாடி நீலப் பெட்டிக்கு.

தொட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஊசி போடும் மேஜைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சள் தொட்டி மட்டும் இருந்தால், உறையும் அதில்தான் விழும். எங்கள் கிளினிக்கில் இதைக் கண்டுபிடித்தது ஆயா அக்கா. “டாக்டரம்மா, சாதாக் குப்பைத் தொட்டியைக் கதவுகிட்ட வெச்சிருக்கீங்க, சிஸ்டர் அவ்வளவு தூரம் நடந்தா போடுவாங்க?” என்று கேட்டார். தொட்டியை மேஜைக்கடியில் மாற்றி வைத்த வாரமே மஞ்சள் பை பாதியாகக் குறைந்தது.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு ஊசி சாதாரணக் குப்பைக்குள் போனாலும் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில். அதில் சமரசமே கிடையாது.

கேட்டவருக்கெல்லாம் ஊசி

“அம்மா, ஒரு ஊசி போட்டு விட்டுருங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்.” தினமும் பத்துப் பேராவது கேட்பார்கள். ஒரு பாராசிட்டமால் மாத்திரை செய்யும் வேலைக்கு ஒரு சிரிஞ்ச், ஒரு ஊசி, ஒரு கண்ணாடிக் குப்பி, பஞ்சு, இரண்டு உறை. உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் பக்கத்துத் தெருக் கிளினிக்குக்குப் போகிறார்கள், போகட்டும், அவர்களில் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஊசிக்குக் கையுறை

தோலில் புண் இல்லையென்றால் சாதாரண ஊசிக்குக் கையுறை வேண்டாம். கையைக் கழுவுங்கள்.

இன்ஹேலரை யோசிக்காமல் எழுதுவது

அழுத்தி அடிக்கும் பம்ப் இன்ஹேலரில் மருந்தைத் தள்ளுவதற்கு ஒரு வாயு இருக்கிறது. வழக்கமாகப் பயன்படும் எச்.எஃப்.ஏ. 134ஏ, ஒரு கிலோ வெளியானால், கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரத்து முந்நூறு மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் பவுடர் இன்ஹேலரில் அந்த வாயுவே கிடையாது. நம் ஊரில் விலையும் குறைவு, மருந்துக்கடையிலும் எளிதாகக் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் எழுதுகிறேன்.

ஆனால் கவனம். வேகமாக உறிஞ்ச முடியாத சின்னக் குழந்தைகளுக்கும் தளர்ந்த முதியவர்களுக்கும், மூச்சுத்திணறலோடு வருபவர்களுக்கும், ஸ்பேசரோடு (பம்ப்பில் மாட்டி அதன் வழியாக மூச்சிழுக்கும் குழாய்) பம்ப்தான். நன்றாக இருக்கிற ஆஸ்துமா நோயாளியைக் கார்பனுக்காக மாற்றிவிட்டு, அவர் நடுராத்திரியில் ஆம்புலன்ஸில் போகும்படி செய்யக் கூடாது. எதை எழுதினாலும் உங்கள் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக இழுத்தால் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும், மாதத்துக்கு ஒன்று போதுமான இடத்தில் இரண்டு வாங்குவார்கள்.

பழைய பாதரச பி.பி. கருவியை இரும்புக்கடைக்குப் போடுவது

கூடவே கூடாது. மூடி போட்டுத் தனியாக வைத்து, கழிவு எடுப்பவர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

சோலாரில் தொடங்குவது

போடுங்கள், ஆனால் கடைசியில். ஜூனியரிடமும் இதைத்தான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, சிவப்பு மார்க்கரில் தேதி எழுதினோம். பதினொரு பெட்டிகளுக்கு சீல் பிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்டாக்கிஸ்டிடம் பேசி ஒன்பதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.